சிந்திய கோதுமை

இன்னும் வெளிச்சம் வரவில்லை. கிரேன் இறக்கிவைத்த மூட்டைகளை ஐந்தாம் கிடங்குக்குச் சுமந்துகொண்டிருந்தோம். முதல் மூட்டை முதுகில் விழும்போது எலும்புகள் எல்லாம் ஒருமுறை விழித்துக்கொள்ளும். பிறகு மரத்துவிடும். மரத்துப்போவது எனக்கு இப்போது சுலபம்.

கோதுமைத் தூசி கண் இமையில், மூக்கில், உதட்டோரத்தில். வியர்வை பட்டால் பசையாகிவிடும். எனக்கு முன்னால் நெட்டை போய்க்கொண்டிருந்தான். கிடங்கு வாசலில் அவன் மட்டும் குனிந்துதான் நுழைய வேண்டும்.

"டிகிரி, மூட்டையில என்ன எழுதியிருக்கு? இன்னொரு தரம் படி."

ஒவ்வொரு கப்பலுக்கும் கேட்பான். ஒவ்வொரு முறையும் படிப்பேன்.

"அந்த நாட்டு மக்களின் அன்பளிப்பு. விற்பனைக்கு அல்ல."

"அன்பு செம கனம்டா," என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது.

பொருளாதாரம் படித்தவன் என்பதால் எனக்கு டிகிரி என்று பெயர். பணக்கார நாடு பஞ்சத்துக்கு உதவும் விதத்தைக் கல்லூரியில் படித்தேன். அதன் கனத்தை இங்கே தெரிந்துகொண்டேன். அவர்கள் தங்கள் விவசாயியிடம் வாங்குவார்கள். தங்கள் கப்பலில்தான் ஏற்றுவார்கள். எங்கள் பக்கத்து மாவட்டத்தில் தானியம் குவிந்து கிடந்தாலும் அதை வாங்கப் பணம் தர மாட்டார்கள். கப்பல் வருவதற்குள் பசி ஒரு பருவம் கடந்துவிடும். சில வருஷம் சரியாக எங்கள் அறுவடையில் வந்து நிற்கும். அதில் ஒரு பங்கு எப்படியோ சந்தைக்குப் போகும்.

அப்படி ஒரு வருஷத்தில் என் மாமனாரின் கோதுமையைக் கேட்க ஆளில்லை. குத்தகை பாக்கி நின்றது. நிலம் போனது, பின்னாலேயே அவரும் போனார். அத்தையும் மகளும் துறைமுகத்துக்கு வந்து கிடங்கு பெருக்கினார்கள். அங்கேதான் அவளைப் பார்த்தேன், கட்டிக்கொண்டேன்.

"எங்க நிலத்தைத் தின்ன கோதுமைக்கு நான் வெளக்கமாறு புடிக்கிறேன், பாத்தீங்களா," என்று சிரிப்பாள்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையிலிருந்து சிந்தியது பெருக்குகிற பெண்களுக்கு. கூலியில் பாதி அதுதான். அதனால் எந்தக் கிடங்கைத் திறந்தாலும் முதலில் அவர்கள்தான் உள்ளே போவார்கள். சுமைக்காரன் மிதித்து நொறுக்குவதற்கு முன்னால் அள்ளிவிட வேண்டும். அவள் பெருக்கும் வரிசையில், மூட்டை தூக்கும் என் கொக்கி எப்போதும் கொஞ்சம் ஆழமாக இறங்கும்.

பூச்சியைக் கொல்ல விஷவாயு மாத்திரை வைத்து, தார்ப்பாய் போட்டு, கிடங்கை மூடிவைப்பார்கள். திறந்தபின் ஒரு முழு நாள் காற்றாட விட வேண்டும். போன மழைக்காலத்தில் காண்ட்ராக்டர் அந்த நாளைத் தரவில்லை. அவள் மூன்றாம் கிடங்குக்குள் முதல் ஆளாகப் போனாள். வெளியே வந்து தலை வலிக்கிறது என்றாள். சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மடியில் கட்டியிருந்த கோதுமையை அவிழ்க்கவே இல்லை. நான்தான் பிறகு அவிழ்த்தேன்.

இப்போது மூன்றாம் கிடங்கு மறுபடி மூடிக் கிடக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே யாரோ பெருக்கும் சத்தம் கேட்கிறது. நிதானமாக, இழுத்து இழுத்து. தார்ப்பாய் காற்றில் உரசுகிறது என்று சொல்லிக்கொள்வேன். மூடிய கிடங்குக்குள் ஏது காற்று?

விடிந்ததும் காண்ட்ராக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு.

"அஞ்சை விடுங்கப்பா. மூணைத் திறங்க. அந்த நாட்டுக்காரங்க இப்ப வந்துடுவாங்க. முதல் லாரி அவங்க கண்ணு முன்னாடி கிளம்பணும். போட்டோ இருக்கு."

நெட்டை மூட்டையை இறக்கினான். "மொதலாளி, மருந்து வெச்ச கிடங்கு. இன்னும் காத்தே விடல."

"கதவைத் திறந்தா அரை மணியில போயிடும்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

"அந்தப் பொண்ணுக்கு நெஞ்சு பலவீனம். டாக்டரே சொல்லியாச்சு." என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அங்க முகாம்ல புள்ளைங்க பசியில கெடக்குது. நீங்க ஒரு நாள் தள்ளுனா அந்தப் பாவம் யாருக்கு?"

மழை பொய்த்த பக்கத்து முகாம்களில் எங்களில் பலருக்குச் சொந்தம் உண்டு. அத்தையின் தம்பி குடும்பம் அங்கேதான் இருக்கிறது.

அது அவருக்குத் தெரியும். நேராக அத்தையிடம் போனார்.

"பெரியம்மா, வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? முதல்ல நீங்கதான். இன்னிக்குச் சிந்தினது மட்டுமில்ல, ஒரு முழு மூட்டை தர்றேன்."

"விற்பனைக்கு அல்லன்னு போட்டிருக்கே, மொதலாளி," என்றான் நெட்டை.

"நான் எங்கடா விக்கிறேன்? நானும் அன்பளிப்புதான் குடுக்கிறேன்."

அத்தை விளக்குமாற்றை எடுத்தாள். அவளுக்கு அந்த மூட்டை ஒரு மழைக்காலத்துச் சாப்பாடு. வேண்டாம் அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு மாவாக ஒட்டிக்கொண்டது. அவள் கதவருகே போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"மாப்ள," என்றாள், திரும்பாமல். "உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது அத்தை."

"தெனமுமா?"

"தெனமும்."

"எனக்கும்தான். வெளிய சொன்னா பைத்தியம்பாங்கன்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

காண்ட்ராக்டரைப் பார்த்தாள். "உள்ள எம் பொண்ணு பெருக்கிட்டுத்தான் இருக்கா. இன்னொரு ஆளு வேணாம்."

வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்தாள். பின்னால் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவளோடு நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"சாப்பாட்டை மறிக்கிறீங்களாடி? ஊர் பசியில சாகட்டும்னு?"

எனக்குக் குரல் வந்தது. என் குரல் போலவே இல்லை.

"இந்தக் கோதுமை அவங்க கப்பல்லதான் வரணும்னு அந்தப் பக்கத் துறைமுகத்துல எத்தனை வாரம் காத்துக் கெடந்துச்சு? அப்புறம் கடல்ல எத்தனை வாரம்? அப்பல்லாம் முகாம்ல யாருக்கும் பசிக்கலையா? நாங்க மூச்சு விட ஒரு நாள் கேட்டாதான் பசிக்குதா?"

"டிகிரி வாயத் தொறந்துட்டான்டா!" என்றான் யாரோ. இந்த முறை சிரிப்பு இல்லை.

"எல்லாக் கதவையும் இப்பவே திறக்கிறோம்," என்றேன். "ஒரு நாள் காத்து ஓடட்டும். விஷக்காத்து போயிடுச்சான்னு அளந்து பாத்துட்டு ஏத்துறோம். ஏற ஆரம்பிச்சா முடியற வரைக்கும் நிக்க மாட்டோம். கூடுதல் கூலியும் கேக்கல."

"பெருக்குறவங்க முதல்ல போறதும் இனிமே கிடையாது," என்றாள் ஒருத்தி. "சிந்தினது எங்கயும் ஓடிடாது."

"நீங்க இல்லன்னா ஆளா இல்ல?" காண்ட்ராக்டர் வெளிவாசலைப் பார்த்துக் கையசைத்தார். அங்கே தினமும் வேலைக்காக ஒரு கூட்டம் நிற்கும். ஒட்டிய வயிறுகள். வந்தார்கள். வாசலில் பெண்களைக் கண்டதும் நின்றார்கள்.

அவர்களில் முன்னால் நின்றவன் கேட்டான். "உள்ள என்ன?"

"பூச்சி சாகுற மருந்து," என்றாள் அத்தை.

அவன் கதவைப் பார்த்தான். காண்ட்ராக்டரைப் பார்த்தான். "அப்ப நீங்க ஒரு நடை உள்ள போயிட்டு வாங்க மொதலாளி. நாங்க பின்னாலயே வர்றோம்."

காண்ட்ராக்டர் நகரவில்லை. அவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றான். மற்றவர்களும் வந்தார்கள்.

பெண்களைக் காற்று வரும் பக்கம் அனுப்பிவிட்டு, மூக்கில் ஈரத்துணி கட்டி, வெளியிலிருந்தே கதவுகளைத் தள்ளினோம். அழுகிய மீனும் பூண்டும் கலந்த வாடை வந்தது. அன்று அவள் புடவையில் இருந்த அதே வாடை. விலகி நின்றோம். உள்ளே இருட்டு. அதில் யாரும் இல்லை. பெருக்கும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கார்கள் வந்தன. முதல் காரிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பெண் இறங்கினாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். காலி லாரியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். காண்ட்ராக்டர் கைகூப்பியபடி ஓடினார். அவள் அவரைத் தாண்டி வந்து, என்ன நடக்கிறது என்று தன் மொழியில் கேட்டாள்.

"உனக்குத்தான் அந்த பாஷை தெரியும். சொல்லுடா," என்று நெட்டை என் முதுகைத் தொட்டான்.

எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு என் மனைவியின் பெயரைச் சொன்னேன். அத்தை அதைத் திருப்பிச் சொன்னாள். நெட்டை சொன்னான். அவளை ஒருநாளும் பார்த்திராத வெளிவாசல்காரர்களும் ஒவ்வொருவராக அந்தப் பெயரைச் சொன்னார்கள். அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினேன்.