பேசியவர்கள் பட்டியல்

ஏழாம் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு மாட்டிய மூன்றாம் நாளிலிருந்து அதன் கீழ் விளிம்பில் சாக்பீஸ் தூள் கொட்டத் தொடங்கியது; நாளொன்றுக்கு ஒரு கரண்டி, விடுமுறை நாட்களில் அரைக் கரண்டி. அதே வாரம் திரையின் இடது மூலையில், பாடம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், வெள்ளை எழுத்தில் ‘பேசியவர்கள்’ என்றொரு தலைப்பும், அதன் கீழே ‘பென்சில்’ என்ற ஒரே பெயரும், பக்கத்தில் நான்கு பெருக்கல் குறிகளும் தோன்றின. மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை போகவில்லை. கம்பெனிக்காரர்கள் வந்து என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, கடைசியில் போர்டையே மாற்றினார்கள். புதிய போர்டு அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே பென்சிலோடுதான் வந்தது. தலைமையாசிரியை அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

செய்தி பரவியதும் பழைய மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். தொப்பையும் வழுக்கையுமாக வாசலில் நின்று மூச்சை இழுத்து, அதே வாசனை என்றார்கள். டஸ்டரைத் தட்டித் தட்டி வெளுத்துப்போன சுவரையும், காம்பஸ் முனையால் பெயர் செதுக்கிய பெஞ்சையும் தேடினார்கள். அங்கே இருந்ததோ ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி, திறக்காத ஜன்னல், கூரையில் ஒரு கேமரா. பிள்ளைகளுக்கு அந்தப் பெருக்கல் குறிகள் விளங்கவில்லை. ஆசிரியர் வெளியே போனால் லீடர் கரும்பலகையோரம் நின்று பேசுகிறவர்கள் பெயரை எழுதுவான், அடங்காதவர்களுக்குக் குறி ஏறும், குறிக்கு ஒரு அடி என்று ஒரு வழுக்கைத்தலையர் பெருமையாக விளக்கினார். “ஏன் அங்கிள், கேமரா ரிப்பேரா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். தங்கள் பெயர் பட்டியலில் இல்லையே என்று குறைபட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

கரும்பலகையைக் கழற்றிவிட்டு அந்த போர்டை மாட்டிய எலக்ட்ரீஷியன் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த வகுப்பின் லீடர் அவன்தான். எழுத்தும் அவனுடையதுதான். அன்று வகுப்பில் ஓயாமல் பேசியதும் அவன்தான். ஆசிரியர் படியேறும் சத்தம் கேட்டதும், பட்டியல் காலியாக இருந்தால் மாட்டிக்கொள்வோமே என்று, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள் என்று தெரிந்த ஒல்லிப் பெண்ணின் பட்டப்பெயரை எழுதினான். நம்பும்படி இருக்கட்டும் என்று நான்கு குறிகளையும் போட்டான். அவள் நான்கு அடி வாங்கினாள். அந்த ஆண்டு முடியும்வரை அவள் வாயே திறக்கவில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்கினாள். அன்றிலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒன்பது வீடு மாறினான், நின்றுகொண்டே சாப்பிட்டான், கல்யாண மேடையிலும் நான்கு முறை எழுந்துபோனான். காலில் சக்கரம் என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். இப்போது அவன் தொட்ட சுவிட்சிலெல்லாம் வெள்ளைக் கைரேகை விழுந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. தான் போய்ச் சொல்வதற்குள் அவளே பார்த்துவிடுவாளோ என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

பென்சில் ஒரு கிளினிக்கில் டோக்கன் எண் கூப்பிடும் வேலையில் இருந்தாள். காலை முதல் மாலைவரை குரல்தான் அவளுக்குச் சோறு போட்டது. விசாரித்துத் தெரிந்துகொண்டு போன அவன், ஒரு டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் நடந்துகொண்டே இருந்தான்.

“என்ன தொந்தரவு?” என்றாள் அவள்.

“உக்கார முடியல.”

“மூலமா?”

“இல்ல. நான்... லீடர்.”

அவள் பேனாவை மூடினாள். “தெரியுது. போர்டு போட்டோ போன்ல வந்துச்சு. குறி மட்டும் அழகா போட்டிருக்க.”

“ஒரு தடவ வந்து அழிச்சிடு. நான் தொட்டா போகல.”

“நான் ஏண்டா அழிக்கணும்? எழுதினது நீ.”

ஆனாலும் சனிக்கிழமை மாலை வந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நின்று தன் பழைய பெஞ்சு இருந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவன் சட்டைக் கையால் திரையைத் தேய்த்தான்; தூள்தான் கொட்டியது. நாற்பத்தாறு வயதில், திரையைப் பார்த்தபடியே அழுதான். “நான்தான் பேசினேன். உன் மேல போட்டுட்டேன்” என்றான்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும். நீயே வந்து சாருகிட்ட சொல்லிடுவன்னு சாயங்காலம் வரைக்கும் ஸ்கூல் கேட் பக்கத்துலயே நின்னேன். நீ பின்வாசல் வழியா போயிட்ட.”

அவள் தரையில் கிடந்த தூளை விரலால் தொட்டு, தன் பெயருக்குக் கீழே ‘லீடர்’ என்று எழுதினாள். ஐந்து குறிகள் போட்டாள். எழுத்து திரையில் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

“எழுதியாச்சு. இனி பேசாம போனா இதுவும் பொய்யாயிடும். உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். முப்பத்து நான்கு ஆண்டுகளில் பேசாமல் விட்டதையெல்லாம் அவள் பேசினாள். திட்டினாள், நடுநடுவே சிரித்தாள். இருட்டும் நேரத்தில் காவலாளி பூட்ட வரும்வரை அவன் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை தூள் கொட்டுவது நின்றிருந்தது. பட்டியல் போகவில்லை, யாரும் அழிக்கவும் முயலவில்லை. ஆண்டுத் தணிக்கையின்போது தலைமையாசிரியை பொருட்பதிவேட்டில் ‘ஸ்மார்ட் போர்டு ஒன்று, இரண்டு பெயர்களுடன், நல்ல நிலையில்’ என்று எழுதினார். சனிக்கிழமைதோறும் இருவரும் வருகிறார்கள், பேசுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் இரண்டு பெயர்களுக்கும் பக்கத்தில் குறிகள் கூடியிருக்கும். சென்ற மாதம் அவை திரையின் பாதியைத் தாண்டிவிட்டன. கணக்கு ஆசிரியர் தன் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொண்டார்.