சாம்பார் பானையும் நீல ஐசியும்

கிள்ளான் நீதிமன்றக் கூண்டில் நின்றபோதும் முகுந்தனின் கைகள் வட்டமாகவே இருந்தன. அதற்கு ஒரு காரணம் விலங்கு. இன்னொன்று சாம்பார்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். சமையல் கிள்ளான் தாமரை அக்காவுடையது. அவருடைய வேன் நிறைந்து ஒரு பானை மிஞ்சியதால், அதைப் பக்கத்து வீட்டுக் குருவின் காரில் ஏற்றினார்கள். சாம்பார் பானை தனியாகப் பயணம் செய்யாது. மடியில் வைத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கல்லூரி விடுமுறையில் சும்மா இருந்த முகுந்தன் அந்த ஆளானான். நெடுஞ்சாலையில் போலீஸ் மறித்தது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு போதைப் பொட்டலம் கிடைத்தது. அது யாருடையது என்று குரு வாயைத் திறக்கவில்லை. முகுந்தனுக்கும் சேர்த்து ஐந்து நாள் லாக்கப்.

வெள்ளிக்கிழமை அரசுத் தரப்பு எழுந்து, பொட்டலம் பயணியின் கைக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது என்றது.

வழக்கறிஞர் ஜனகா போலீஸ் அறிக்கையையே எடுத்து வாசித்தார். பயணி இரு கைகளாலும் பானையைப் பிடித்திருந்தார். கைகளைத் தூக்கச் சொன்னபோது மறுத்தார். காரணம், சாம்பார் கொட்டிவிடும்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். முகுந்தனுக்கே இப்போதுதான் உறைத்தது. இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்தவரிடமா அப்படிச் சொன்னோம்?

ஜாமீன் கிடைத்தது.

"வழக்கு இன்னும் இருக்கு தம்பி, ரொம்ப சிரிக்காதீங்க," என்றார் ஜனகா. "நாலு மணிக்குள்ள யாராவது ஜாமீன் கையெழுத்து போடணும். இல்லன்னா திங்கள் வரைக்கும் ஜெயில்."

கம்பிக்குப் பின்னாலிருந்து முகுந்தன் ஜாமீன் கவுன்டரைப் பார்த்தான். அவன் அம்மா பவுனம்மாள் தன் அடையாள அட்டையை, அந்த ஐசியை, இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஆன்டி, இது சிவப்பு," என்றார் கவுன்டரில் இருந்த லோகேஸ்வரி. "நீல ஐசி வேணும். குடிமக்கள்தான் ஜாமீன் நிக்கலாம்."

"நான் இங்க எஸ்டேட்ல பொறந்தவம்மா. அப்பா பொறப்பப் பதியாம விட்டுட்டாரு. அம்பத்தெட்டு வருசமா எங்கயும் போனதில்ல. நான் எங்க ஓடப் போறேன்?"

"எனக்குத் தெரியுது ஆன்டி. கம்ப்யூட்டருக்குத் தெரியலயே."

மணி மூன்றரை. பெரிய மாமா போனை எடுக்கவில்லை. சின்ன மாமாவுக்குத் திடீரென்று ஜொகூரில் வேலை வந்துவிட்டது.

மூன்றே முக்காலுக்குத் தாமரை அக்கா உள்ளே வந்தார். சேலையில் மஞ்சள் கறை. முகுந்தன் கம்பியை விட்டு ஓரடி பின்னால் போனான். அவனால் அன்றைக்குக் கடைசிப் பந்திக்குச் சாம்பார் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அக்காவை என்னென்ன பேசினார்கள் என்று லாக்கப் வரைக்கும் செய்தி வந்திருந்தது.

அக்கா நீல ஐசியை எடுத்துக் கவுன்டரில் அடித்தார்.

"பையன் உங்களுக்கு என்ன உறவு அக்கா?" என்று கேட்டார் லோகேஸ்வரி.

"என் சாம்பாரப் புடிச்சவன்."

"அவன் ஓடிட்டா உங்க பணம் போயிரும்."

"போலீசு மொறச்சப்பவே பானைய விடலயாம்லா. இவனா ஓடுவான்?"

பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கம்பிக்குள் முகுந்தன் மறுபடி ஓரடி முன்னால் வந்தான். சொந்தக்காரர்கள் போட அஞ்சிய கையெழுத்தை அக்கா மளிகைச் சீட்டில் போடுவதுபோல ஒரே இழுப்பில் போட்டார். பிறகு ஜனகாவிடம் திரும்பினார்.

"அந்தப் பானைக்கும் ஜாமீன் எடுக்க முடியுமாம்மா?"

"அது சாட்சி அக்கா. வழக்கு முடியணும்."

"நல்ல கனமான பானை," என்றார் அக்கா வருத்தத்தோடு.

வெளியே வேன் நின்றது. முன் இருக்கையில் வேறொரு பானை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. பவுனம்மாள் பின்னால் ஏறினார். முகுந்தன் ஏறவில்லை. குனிந்து, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் நன்றாகப் பார்த்தான். தன் இருக்கைக்கு அடியிலும் பார்த்தான்.

தாமரை அக்கா அதுவரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"பாத்துட்டியா? ஏறு. புடி."

பிடித்தான்.