குப்பியில் வந்த பொய்

செஃபினாவுக்கு வந்த ஆத்திரத்தில் கையுறைகூடச் சரியாகக் கழலவில்லை.

அவள் வேலைசெய்த மெல்போர்ன் ஆய்வுக்கூடம் வருடக்கணக்காக ஒரே பாட்டைத்தான் பாடியது. கருவிலிருக்கும் பிள்ளையின் ஈரல் சுரக்கும் புரதம் ஒன்றை ஈரல் புற்றும் சுரக்கிறது. அது பட்டதும், நோயைக் கொல்ல வேண்டிய வெள்ளணுக்கள் தூங்கிவிடுகின்றன. அந்தப் புரதத்தை அடக்கும் ஊசிக்கு நோயாளிகளைச் சேர்க்கவும் தொடங்கியாயிற்று. முதலில் பெயர் கொடுத்தவர்களில் அவள் தம்பி லாஃபியும் ஒருவன்.

விலைக்கு வரும் புரதத்தில், கெடாமலிருக்க ஒரு நஞ்சைக் கலந்திருப்பார்கள். பெட்டியைப் பிரிப்பவர்தான் அதைக் கழுவி நீக்கி, சிறு குப்பிகளில் பிரித்து உறையவைக்க வேண்டும். மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்துவதோடு சரி. அந்தப் பெட்டியை ஆசை ஆசையாகப் பிரித்தவர் பேராசிரியர் காலின். கழுவினீர்களா என்று அவரிடம் போய் யார் கேட்பது?

கடைசியில் செஃபினாதான் சந்தேகப்பட்டாள். வெறும் நஞ்சை மட்டும் விட்டுப் பார்த்தாள்; அணுக்கள் தூங்கின. கழுவிய புரதத்தை விட்டாள்; அணுக்கள் தூங்காமல் புற்றணுக்களைத் துவம்சம் செய்தன. இத்தனை நாளும் தூங்கவைத்தது புரதமே அல்ல.

காலின் அவள் கொடுத்த படங்களைப் பார்த்தார். ஒரு தடவை செய்ததை வைத்துக் குதிக்காதே என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொஞ்ச நாள் சும்மா இரு. ஊசி ஆரம்பிக்கட்டும், பார்த்துக்கலாம்."

அவளுக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது.

"போட்டுக்கப் போறது என் தம்பி, காலின். அவன் உடம்புலயா பார்த்துக்கப் போறீங்க?"

அவர் படங்களை அவள் பக்கமே தள்ளினார். வெட்கங்கெட்ட மனிதர். அவர் கண்ணெதிரிலேயே அவள் எல்லா முடிவுகளையும் ஊசிச் சோதனைக்கு அனுமதி தந்த குழுவுக்கு அனுப்பினாள். மறுநாளே சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

அன்று மாலை லாஃபியின் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கண் மஞ்சளேறியிருந்தது. தன்னோடு சேர்ந்து அவனும் காலினைத் திட்டுவான் என்று நினைத்திருந்தாள்.

"வேற மருந்து எதுவும் எனக்கு இல்லேன்னு டாக்டர் போன மாசமே சொல்லிட்டார்க்கா," என்றான். "நீ கொஞ்ச நாள் சும்மா இருந்திருக்கலாம்."

கோபப்படுவதற்கு அவளுக்கு அங்கே ஆள் இல்லை.