கிராணி வீட்டுப் பயத்தங்காய்

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த பிறகு, ரப்பர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி செல்வநாயகத்தின் வீட்டில் இறைச்சி வாசம் அடித்ததே இல்லை. காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் துருவிய மரவள்ளிக்கிழங்கு, இரவில் இவற்றில் மிஞ்சியது. அவர் மனைவி அன்னபூரணம் கைப்பக்குவக்காரி. ஆனாலும் கிழங்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் அது கிழங்காகவேதான் இருந்தது.

அதனால் பக்கத்து மலாய்க் கிராமமான சுவா கம்பத்துப் பாக் தாவூத் சைக்கிளில் வந்து, வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் குசினி வாசலில் வைத்துவிட்டுப் போனபோது, அவள் கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். தாவூத்தின் மகள் கல்யாணத்துக்கு, ஓடிப்போன வெள்ளைக்கார துரையின் ஜன்னல் திரையை வெட்டி அவள் சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். கல்யாண விருந்துக்கு மாடு அறுத்ததில் அவளுக்கு வந்த பங்கு அது. நல்ல தொடைக்கறி.

செல்வநாயகத்தின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். சண்டைக்கு முன்பு சனிக்கிழமை என்றால் போர்ட்டிக்சன் பசாரிலிருந்து மாட்டிறைச்சி வரும். அதை மெல்லிசாக அரிந்து, பயத்தங்காயோடு சேர்த்து அன்னபூரணம் ஒரு வறுவல் செய்வாள். அன்றைக்கு மட்டும் மகள்கள் இருவரும் கூப்பிடாமலே சாப்பிட வந்து உட்காருவார்கள்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்களை நினைத்துத்தான் செல்வநாயகம் ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தார். எல்லாரும் மாரியம்மன் கோயில் ஆட்கள், மாட்டிறைச்சி தொடாதவர்கள். போதாததற்கு, அன்று காலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் அவர் ஒரு பிரசங்கம் வேறு செய்திருந்தார். நீங்கள் தின்னும் கிழங்கைத்தான் நானும் தின்கிறேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருந்தார்.

“அன்னம், இதை ராவைக்குச் சமைப்பம்” என்றார்.

“ராவைக்கு எல்லாரும் லயத்தில இருப்பினம். இப்ப ஒருத்தரும் இல்லை, கிழங்குக் காட்டில நிக்கினம். இது கன நேரம் எடுக்கிற சமையலே? சட்டி காய்ஞ்சால், ஒரு கீர்த்தனை பாடி முடிக்க முதல் இறக்கிப்போடுவன்.”

அவள் சொன்னது சரிதான். வேலிப் பயத்தங்காயைப் பறித்து ஒடித்தாள். கறியை நாருக்குக் குறுக்கே தாள் போல அரிந்தாள். மிளகை இடித்துப் பிசிறினாள். கிச்சாப் போத்தலின் அடியில் ஒட்டியிருந்த கறுப்புச் சோயாச் சாற்றைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி எடுத்தாள். சட்டியில் சிவப்புப் பாமாயில் புகைந்ததும் கறியைப் போட்டாள். ‘சொய்ங்’ என்று சத்தம் எழுந்தது. கூடவே, யாரோ மேலிருந்து வாளியால் கவிழ்த்தது போல மழையும் கொட்டியது.

மழை பெய்தால் காட்டில் வேலை நிற்கும். வேலை நின்றால் ஆட்கள் வீடு திரும்புவார்கள். திரும்பும் வழி கிராணி வீட்டுக் குசினியை ஒட்டியே போனது. செல்வநாயகம் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினார். புகை வெளியே போக வழியில்லாமல் பலகை இடுக்குகளில் புகுந்து, முன்னைவிட மும்முரமாக வெளியேறியது.

முதலில் வந்தவள் பால்மரம் வெட்டும் முத்தாயி. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் சிரட்டையோடு நின்றாள்.

“அடுப்புக்குக் கொஞ்சம் நெருப்பு வேணும்மா. தீப்பெட்டி எங்க கிடைக்குது இப்ப.”

அன்னபூரணம் தணலை அள்ளிச் சிரட்டையில் போட்டாள். முத்தாயி போகவில்லை. அவள் மூக்கு மட்டும் சட்டியின் பக்கம் திரும்பியிருந்தது.

“முத்தாயி, இது என்ன எண்டால்…”

“நான் கேக்கலையேம்மா” என்றாள் முத்தாயி அவசரமாக. “கேக்காததச் சொல்லாதீங்க.”

அடுத்து, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி வந்தார். கோயில் காரியங்களுக்கும் அவர்தான் தலைவர். பட்டை பட்டையாகத் திருநீறு பூசிய நெற்றி. மழையால் வேலை நின்றதைச் சொல்ல வந்தாராம். சொல்லி முடித்தார். பிறகு மழையின் கனத்தைப் பற்றியும், போன வருஷத்து மழையைப் பற்றியும், கெமாஸ் பக்கம் பெய்யும் மழை எப்படி வேறு மாதிரி என்பதைப் பற்றியும் சொன்னார். சொல்லச் சொல்ல எச்சில் விழுங்கினார்.

“நல்ல வாசமா இருக்குங்கய்யா” என்றார் கடைசியில்.

“மான்” என்றார் செல்வநாயகம். கேட்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது.

அன்னபூரணம் கரண்டியை நிறுத்தினாள். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறவள். “இஞ்சேருங்கோ, பொய் சொல்லாதேங்கோ. மண்டோர், இது மானில்லை.”

“ஐயா மானுங்கிறாங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்லா.”

“இல்லை. இதைச் சாப்பிடுறதெண்டால் என்ன எண்டு தெரிஞ்சுதான் சாப்பிட வேணும். தெரியாமல் ஒருத்தருக்கும் குடுக்க எனக்கு ஏலாது.”

“தெரிஞ்சா நாங்க எப்படிம்மா சாப்புடுறது?” என்றாள் முத்தாயி. அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அன்னபூரணம் வாயைத் திறந்தாள். முத்தாயி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். சன்னாசி சத்தமாக இருமினார். அன்னபூரணம் வாயை மூடினாள், அவர் இருமலை நிறுத்தினார். மறுபடி திறந்தாள், மறுபடி இருமல். இதற்குள் கறி முறுகத் தொடங்கியது. அவள் பதறிப்போய்ப் பயத்தங்காயை அள்ளிப் போட்டுப் புரட்டினாள்.

சன்னாசியின் முகம் தெளிந்தது. “பயத்தங்காயா அது? அதுல ரெண்டு குடுங்கம்மா, போதும். செடியில காய்க்கிறதுதானே.”

“ரெண்டும் ஒண்டாத்தானே வேகுது, மண்டோர்!”

“நம்ம லயத்துல எல்லாருந்தான் ஒண்ணா வேகுறோம். அதுக்காக எல்லாரும் ஒரே சாதியா?”

அன்னபூரணம் அவர்களுடைய துருத்திய கன்ன எலும்புகளைப் பார்த்தாள். கோபம் இறங்கியது. சட்டியை இறக்கி, முதலில் மகள்களுக்கு எடுத்து வைத்தாள். பிறகு இலைக் கிழிசல்களில் பயத்தங்காயாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தாள். பயத்தங்காயில் கறித்துண்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. கரண்டி வரும்போதெல்லாம் சன்னாசி தலையை உயர்த்திக் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். முத்தாயி கண்ணை மூடிக்கொண்டே மென்றாள்.

அப்போது வாசலில் லாரி வந்து நின்றது.

எல்லார் வாயும் நின்றது. அந்த நாளில் ஜப்பான் லாரி தோட்டத்துக்குள் வந்தால் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க என்றுதான் அர்த்தம். போன மாதம் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. செல்வநாயகம் எழுந்து குனிந்து வணங்கினார். மற்றவர்களும் இலையைக் கையில் வைத்தபடியே குனிந்தார்கள்.

உள்ளே வந்தவன் இளவயதுச் சிப்பாய். தொப்பியிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஆட்களை அவன் பார்க்கவில்லை. நேராகச் சட்டியிடம் போய் மோந்து பார்த்தான். என்னவோ கேட்டான். யாருக்கும் புரியவில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நெற்றியின் இரு பக்கமும் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அன்னபூரணத்தைப் பார்த்து, “மோ…?” என்றான்.

அன்னபூரணம் கணவனைப் பார்த்தாள்.

“தலைவலியாம்” என்றார் சன்னாசி, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிப்பாய் விரல்களை ஆட்டிக்கொண்டு இன்னும் நீளமாக, “மோ…” என்றான்.

“அம்மாவக் கூப்புடுறாரு. ஊருவிட்டு ஊரு வந்த புள்ள, பாவம்.”

“பாவம்” என்றாள் முத்தாயியும், அவசரமாக இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு.

அன்னபூரணத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. இவ்வளவு நேரமாக அவள் சொல்ல நினைத்ததைக் கேட்க ஒருவனாவது வந்தானே. கரண்டியை வைத்துவிட்டு, தன் நெற்றியிலும் இரண்டு விரல்களை நிமிர்த்தினாள். “ஓம்! ஓம்! மோ!” என்றாள்.

செல்வநாயகம் முகத்தைப் பொத்திக்கொண்டார். சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான். தரையில் குந்தி, இடுப்பிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து நீட்டினான். அவள் சட்டியில் இருந்ததை எல்லாம் அதில் வழித்துப் போட்டாள். அவன் வேகவேகமாகத் தின்றான். நடுவில் ஒருமுறை நிறுத்தி, பயத்தங்காய் ஒன்றைத் தூக்கிப் பார்த்து எதையோ நினைத்துக்கொண்டான். மழை விட்டதும் அவள் முன்னால் குனிந்து எழுந்து, லாரியில் ஏறிப் போய்விட்டான். லாரியில் வேறு ஒருவரையும் அவன் ஏற்றவில்லை.

லாரிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை யாரும் அசையவில்லை. பிறகு முத்தாயி சிரட்டையை எடுத்தாள். தணல் எப்போதோ அணைந்து போயிருந்தது.

செல்வநாயகத்துக்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அவித்த கிழங்கை வைத்துச் சட்டியைச் சுற்றிச் சுற்றித் துடைத்துத் தின்றார். அதைப் பார்த்து அன்னபூரணத்துக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. கடைசியில் அவரும் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் காலையிலிருந்து கிராணி வீட்டுக்குப் பயத்தங்காய் வரத் தொடங்கியது. முத்தாயி ஒரு கட்டு, அவள் தங்கச்சி ராக்கம்மா ஒரு கட்டு, சன்னாசி ஒரு கூடை. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: “அன்னிக்கு வெச்ச மாதிரியே வைங்கம்மா.” அன்னபூரணம் தன்னிடம் இருந்த மிளகையும் எண்ணெயையும் போட்டு வெறும் பயத்தங்காயை வறுத்து, எல்லாருக்கும் கொடுத்தனுப்பினாள்.

சன்னாசி வாசற்படியிலேயே நின்று வாயில் போட்டு மென்றார். நெடுநேரம் மென்றார்.

“என்ன மண்டோர், எப்பிடி?”

“நல்லாத்தாம்மா இருக்கு” என்றார் அவர், யோசனையோடு. “காய்தான் கொஞ்சம் முத்திப் போச்சு போல.”