ஜாடியில் முப்பது நிமிடம்

மதில் மேல் வைத்த ஜாடி முப்பது நிமிடம் ஆகியும் தெளியவில்லை. டைம்கீப்பர் ஜாடியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிழை கடிகாரத்தில் இருக்கக்கூடும் என்பதுபோல அதைக் கழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடிக்குள் இருந்த தண்ணீர் மட்டும் சிலேட்டு கழுவிய நிறத்தில், மேலே தெளியாமலும் கீழே படியாமலும் அப்படியே நின்றது.

அது அவர் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியின் இரண்டாவது அறையிலிருந்து மொண்டது. நல்ல நாளில் அந்தத் தண்ணீர் பழுப்பாக இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேகம் போலத் திரளும். பதினைந்தில் இறங்கத் தொடங்கும். முப்பதில் ஜாடியின் கீழ்ப்பகுதியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் நீரின் வழியாக நாளிதழின் பொடி எழுத்தை வாசிக்கலாம். மூடியைத் திறந்தால் மழை நனைத்த மண்ணின் வாசனை வரும். வந்த விருந்தாளிகள் சிலரை அவர் கட்டாயப்படுத்தி முகர வைத்ததும் உண்டு. இன்று மூடியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. நாற்றம் தானாக வந்தது.

அன்று செவ்வாய். ஆய்வாளர் வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறார்.

முப்பத்தோரு வருடம் பேருந்துப் பணிமனையில் வண்டிகள் உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் எழுதியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் டைம்கீப்பர்தான். நகரத்தின் சாக்கடைக் குழாய் இந்தத் தெருவுக்கு வரவில்லை, வரப்போவதும் இல்லை. ஆளாளுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டி. மற்றவர்கள் மாதம் ஒருமுறை நிறுவனத்து ஆளை வரவழைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இவர் நகராட்சி நடத்திய மூன்று நாள் பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, தன் தொட்டியைத் தானே பராமரிக்கும் அனுமதி வாங்கியிருந்தார். தெருவில் அந்த அனுமதி இவர் ஒருவருக்குத்தான். அது வரவேற்பறையில் சட்டம் போட்டு, திருமணப் படத்துக்கு அருகில் தொங்கியது. திருமணப் படத்தைவிட இரண்டு விரல் உயரத்தில் என்று மனைவி சொல்வதுண்டு.

தொட்டிக்கு மூன்று அறைகள். முதல் அறையில் கனமானது அடியில் தங்கும். இரண்டாவதில் ஒரு சிறிய பம்ப் இருபத்துநான்கு மணி நேரமும் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றில் பிழைக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கழிவைத் தின்று தீர்க்கும். மூன்றாவதில் நீர் தெளிந்து, வெளியேறும் வழியில் ஒரு குளோரின் மாத்திரையைத் தொட்டுக்கொண்டு, தோட்டத்துப் புல்லுக்குப் பாயும். ஓயாமல் முனகும் அந்தப் பம்புக்கு அவர் ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார். “நேரத்துக்குத் தீனி போடணும், மூச்சு முட்டாமப் பாத்துக்கணும், ஒரு நாள் கவனிக்கலேன்னா வீட்டு மானத்தை வாங்கிடும்” என்பார்.

குளியலறைக் கதவின் உட்புறம் அவர் கையால் கோடு போட்டு எழுதிய அறிவிப்பு ஒன்று இருந்தது. எண்ணெய் ஊற்றக் கூடாது, ஈரத் துடைப்புத்தாள் போடக் கூடாது, மீந்த மருந்து கொட்டக் கூடாது. நான்காவது வரிக்கு மட்டும் அடியில் இரட்டைக் கோடு: பிளீச் கூடவே கூடாது. அந்த இரட்டைக் கோடு மருமகளுக்காகப் போடப்பட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு அவள் குளியலறைத் தரையில் அரை பாட்டில் பிளீச்சைக் கொட்டித் தேய்த்துவிட்டு, “நீங்க மட்டும் குளோரின் மாத்திரை போடலாம், நான் போட்டா தப்பா மாமா?” என்று கேட்டாள். “அது வேலை முடிஞ்சு வெளிய போற தண்ணிக்கு. நீ ஊத்துனது உள்ள வேலை பாக்கறவங்க தலையில” என்று தொடங்கியவர் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. மகனும் மருமகளும் அடுத்த வருடமே இரண்டு தெரு தள்ளித் தனி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அதற்காக இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

இப்போது அந்த நான்காவது வரியைத் தினமும் மீறிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

அவருக்கு ப்ராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தூக்கத்தில் சிறுநீர் கசிவது நிற்கவில்லை. “சிலருக்கு மூணு மாசத்துல சரியாகும் சார், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்” என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஒரு வருடம் என்றால் முந்நூற்று அறுபத்தைந்து விடியல். ஒவ்வொரு விடியலிலும் முதுகுக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும் ஈரம். இரண்டாவது வாரமே அவர் படுக்கையைப் பின் அறைக்கு மாற்றிக்கொண்டார். பம்பின் சத்தம் மாறுகிறது, பக்கத்திலிருந்து கேட்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. “கேளுங்க. எங்கிட்ட பேசுறதைவிட அதுகிட்டதானே அதிகமா பேசுறீங்க” என்றாள்.

ஒரே மாதிரி நீலத்தில் இரண்டு விரிப்புகளும் ஒரு தலையணை உறையும் வாங்கி வந்தார். அவள் எட்டேகாலுக்குக் கிளம்புவாள். எட்டு இருபதுக்கு இயந்திரத்தில் விரிப்பு விழும். நான்கு மணிக்கு அவள் திரும்புவதற்குள் அது துவைத்து, உலர்ந்து, மடிந்து அலமாரிக்குள் போயிருக்கும். பணிமனையில்கூட இத்தனை துல்லியமாக ஒரு வண்டி ஓடியதில்லை. முதலில் சோப்புத்தூள் மட்டும்தான். ஒருநாள் மடித்த விரிப்பை முகர்ந்தபோது ஏதோ மிச்சம் இருப்பதுபோல் தோன்றியது. உண்மையில் இருந்ததா, அவர் மூக்கு இட்டுக்கட்டியதா என்று அவருக்கே தெரியாது. மூடியில் அளந்து பிளீச் ஊற்றினார். பிறகு இரண்டு மூடி. இந்த மாதம் அது ஒரு தம்ளர் ஆகியிருந்தது. ஊற்றும் ஒவ்வொரு முறையும் அது எங்கே போய்ச் சேரும், அங்கே என்ன செய்யும் என்று அவருக்குப் படம் வரைந்ததுபோலத் தெரியும். தெரிந்தேதான் ஊற்றினார். பாட்டிலைப் பம்ப் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அந்தப் பெட்டியை அவரைத் தவிர வேறு யாரும் திறப்பதில்லை.

வியாழக்கிழமை ஆய்வாளர் திறப்பார். அதனால் அன்று காலை, அவள் அலுவலகம் போனதும் பாட்டிலை அப்புறப்படுத்துவதாகத் திட்டம். ஆனால் எட்டேகால் ஆயிற்று, எட்டரை ஆயிற்று, அவள் கிளம்பவில்லை.

“லீவு போட்டிருக்கேன்” என்றாள்.

“எதுக்கு?”

“மேடம் வர்றாங்கல்ல. ஒரு டீ போட்டுக் குடுக்க ஆள் வேண்டாமா?”

பதினோரு வருடமாக ஆய்வு நடக்கிறது. அவள் ஒருநாளும் லீவு போட்டதில்லை. அன்று பார்த்துத் துணி காயப்போடவும் செடியில் பழுத்த இலை கிள்ளவுமாகப் பின்பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. பம்ப் பெட்டியைச் சுற்றி அவர் நான்கு முறை நடந்தார். ஐந்தாவது முறை நடப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

ஆய்வாளர் நாற்பது வயதுப் பெண்மணி. போன வருடம் இவருடைய பதிவேட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து, பயிற்சி வகுப்பில் காட்டப்போவதாகச் சொன்னவர். இந்த வருடம் தொட்டிப் பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். கையுறையை மாட்டி இரண்டாவது மூடியைத் தூக்கினார். உள்ளே வெள்ளை நுரை, அதற்கடியில் சாம்பல் தண்ணீர்.

“என்ன சார் இது? உங்க தொட்டியா இது?”

“பத்து நாளா இப்படித்தான் மேடம்.”

“வீட்டுல எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்தான்.”

“யாருக்காவது உடம்பு சரியில்லாம மருந்து மாத்திரை ஏதாவது...”

அவர் வாயைத் திறந்தார். ஆய்வாளர் பதிலுக்குக் காத்திராமல் காற்று வடிகட்டியைப் பார்க்கப் பம்ப் பெட்டியின் கதவை இழுத்தார். வெள்ளை பாட்டில் கதவோடு சாய்ந்து அவர் காலடியில் விழுந்தது. மூடி இறுக்கமாக இல்லை. அந்த வாசனையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளை மட்டும் முனகிக்கொண்டிருந்தான்.

“அது என்னுது மேடம்” என்றாள் மனைவி. கையில் டீத் தட்டுடன் படியில் நின்றிருந்தாள். “நான்தான் ஊத்தினேன். வெள்ளைத் துணியில கறை, எதுக்கும் போகல.”

ஆய்வாளர் பாட்டிலை எடுத்து நிமிர்த்தினார். “இதை ஏன் இங்க வெச்சீங்க?”

“வேற எங்க வெக்கிறது? வீட்டுல எந்த மூலையில வெச்சாலும் மோப்பம் பிடிச்சுடுவாரு. இந்தப் பெட்டிக்குள்ள இப்படி ஒரு பாட்டில் இருக்கும்னு கனவுலகூட நினைக்க மாட்டாரு. அதான் இங்கயே வெச்சேன்.”

அவள் முகத்தில் ஒரு கோணலும் இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவள் இத்தனை சரளமாகப் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. ஆய்வாளருக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“அக்கா, இதுக்குள்ள இருக்கிறதெல்லாம் உயிரு. இத்தனை வருஷம் அவர் வளர்த்தது. ஒரு தம்ளர் போதும், கோடிக்கணக்குல செத்துப்போகும். பாத்ரூம்ல அவர் எழுதி ஒட்டியிருக்கிறதை நீங்க படிக்கிறதே இல்லையா?”

“படிச்சேன் மேடம். தப்புதான்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மருமகள் நின்றதும் ஏறக்குறைய இதே படியில்தான். ஆய்வாளர் சொல்லிக்கொண்டே போனார். அத்தனையும் டைம்கீப்பருடைய சொற்கள்; உள்ளே வேலை பார்ப்பவர்கள், வெளியே போகும் தண்ணீர், எல்லாமே. தன் குரல் இப்படித்தான் கேட்டிருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்குப் பதிலாக ஒரு நீல விரிப்பைத்தான் கொண்டுவந்து காட்ட வேண்டும். அவர் வெயிலில் நின்றார். கழுத்துப் பட்டை நனைந்தது.

“அனுமதியை இன்னைக்கே ரத்து பண்ணலாம். உங்க முகத்துக்காக முப்பது நாள் தர்றேன் சார். நல்லா இருக்கிற தொட்டியிலேர்ந்து ரெண்டு வாளி பழுப்புத் தண்ணி கேட்டு வாங்கி இதுல ஊத்துங்க. திரும்ப வந்து பாக்கிறேன். பதிவேட்டுல காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

டைம்கீப்பர் பதிவேட்டை விரித்தார். தேதி, நேரம், காரணம், பொறுப்பு என்று கட்டங்கள். அவர் போட்ட கோடுகள்தான். பணிமனையிலும் இதே கட்டங்கள் இருந்தன. தாமதமாக வந்த ஓட்டுநர்கள் எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள், டயர் பஞ்சர் என்று எழுதிக்கொள்ளுங்கள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை, இந்த ஒருமுறை மட்டும் என்று. அவர் கண்ணால் பார்க்காத காரணத்தை எழுதியதில்லை. ஒருவன் அழுதுகூட இருக்கிறான். அவனுக்கு உண்மையில் என்னவாக இருந்தது என்று அவர் கேட்டதும் இல்லை.

காரணம் என்ற கட்டத்தில் ‘பிளீச்’ என்று எழுதினார். பேனா அடுத்த கட்டத்தின் மேல் நின்றது. மனைவி டீத் தட்டை மதில் மேல் வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தாள். ‘பராமரிப்பவர்’ என்று எழுதினார்.

ஆய்வாளர் குனிந்து வாசித்தார். “பராமரிப்பவர்னா நீங்கதானே சார்?”

“ஆமா மேடம். நான்தான்.”

ஆய்வாளர் அவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கீழே தன் கையெழுத்தைப் போட்டார். டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. பிறகு அவர் மூடியை இழுத்து மூடியபடி, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

“எப்போலேர்ந்து தெரியும்?”

அவள் உள்ளே போனாள். பின் அறையிலிருந்து விரிப்பையும் தலையணை உறையையும் கொண்டுவந்து மதில் மேல் அருகருகே போட்டாள். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. உறை வாங்கிய அன்றைய நீலத்திலேயே இருந்தது. விரிப்பு, துவைத்துத் துவைத்து, பிளீச்சில் வெளுத்து, ஏறக்குறைய வெள்ளையாகியிருந்தது. நிமிடம் தவறாமல் மடித்து வைத்தவர் அதைக் கவனித்ததே இல்லை.

“நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்” என்றாள். சற்றுப் பொறுத்து, “ரெண்டு வாளிக்கு எங்க போவீங்க?” என்றாள்.

“தெருவுல யார்கிட்டயாவது கேக்கணும்.”

“மருமக தொட்டியில கேளுங்க. அவ வீட்டு பாத்ரூம்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கா. உங்களுதைவிடப் பெருசு.”

மறுநாள் அவள் எட்டேகாலுக்குக் கிளம்பினாள். அவர் விரிப்பை வாளியில் ஊற வைத்து, சோப்புத்தூளில் கையால் கசக்கி, இரண்டு முறை அலசினார். பிழிந்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவர், வெயில் மதிலைத் தாண்டாததைப் பார்த்துவிட்டு, வாசல் பக்கத்துக் கொடிக்கு வந்து காயப்போட்டார். தெருவில் போன தபால்காரர் கையை உயர்த்தினார். இவரும் உயர்த்தினார்.

மத்தியானம் வாளிகளுடன் மகன் வீட்டுக்குப் போய்வந்தார். மருமகள் எதற்கென்று கேட்கவில்லை. மூடியைத் திறந்து, “மோந்து பாருங்க மாமா” என்று மட்டும் சொன்னாள். மண் வாசனைதான். திரும்பி வந்து இரண்டு வாளியையும் மெதுவாகச் சாய்த்தார். பழுப்பு, சாம்பலுக்குள் ஒரு புகைபோல இறங்கிக் காணாமல் போனது. ஜாடியில் கொஞ்சம் மொண்டு எடுத்து மதில் மேல் வைத்தார். மணி மூன்று நாற்பது.

நான்கு மணிக்கு வாசல் கதவு திறந்தது. கொடியில் விரிப்பு அப்படியே தொங்கியது. அதை எடுக்க வேண்டிய நேரம் கடந்துபோயிருந்தது அவருக்குத் தெரியும். எழுந்திருக்கவில்லை. அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கொடிப் பக்கம் போய், விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னும் ஈரமா இருக்கு.”

“இருக்கட்டும்” என்றார்.

மதில் மேல் ஜாடிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காற்றில் விரிப்பு புடைப்பதும் தளர்வதுமாக இருந்தது. அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தாள். இருவரும் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.