இடப்பக்கம் பார்த்த பறவை

முப்பத்துநான்கு வருஷம் எல்லை அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து, உலக ஜனத்தொகையில் பாதிக்கு நான்தான் முத்திரை குத்தி உள்ளே விட்டேன். இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். மருமகள் மட்டும் நம்பினாள். அதுதான் வினை.

மருமகள் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. தற்காலிக வேலை. கல்வி அதிகாரி ஒரு நாள் வந்து வகுப்பைப் பார்த்துச் சரி என்று எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த அதிகாரிக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எறும்புக்குச் சொத்தைப் பல் இருந்தாலும் கண்டுபிடித்து அறிக்கை எழுதுவாராம்.

பாடம், குடியேற்றமும் நாட்டுச் சின்னமும். மருமகள் வகுப்பறையையே ஒரு நாடாக்கிவிட்டாள். வாசலில் மேஜை போட்டுக் கவுண்டர். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அட்டையில் பாஸ்போர்ட் செய்து, ஆளுக்கொரு கதையோடு வரவேண்டும்: வெள்ளத்தில் வீடு போன தச்சர், வேலை தேடி வந்த நர்ஸ், அம்மாவைத் தேடி வந்த மகள். கேள்விகளுக்குப் பதில் சொன்னால், நாட்டுச் சின்னமான பறவையை முத்திரையாகக் குத்தி உள்ளே விடவேண்டும்.

"மாமா, முத்திரை உங்க பொறுப்பு."

"இதெல்லாம் ஒரு வேலையா? கண்ணை மூடிட்டுச் செய்வேன்."

கண்ணை மூடித்தான் செய்திருக்கிறேன். பூசணிக்காய் அளவு உருளைக்கிழங்கு ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில், சின்னத்தின் படத்தைப் பார்த்துப் பார்த்து, வலப்பக்கம் பார்க்கும் பறவையை இறகு இறகாகச் செதுக்கினேன். அதிகாரி வரும் நாள் காலையில் ஒத்திகை. முப்பத்தெட்டுப் பேருக்கும் குத்தித் தள்ளினேன்.

குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் பெண் தன் பாஸ்போர்ட்டைச் சுவரில் மாட்டியிருந்த படத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"தாத்தா, நம்ம பறவை அந்தப் பக்கம்தானே பாக்கும்? இது ஏன் இந்தப் பக்கம் பாக்குது?"

குத்தும்போது இடம் வலமாக மாறி விழும், முத்திரையைத் திருப்பிச் செதுக்கியிருக்க வேண்டும்! அத்தனை வருஷமும் முத்திரையின் கைப்பிடியைத்தான் பிடித்தேன். முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. முப்பத்தெட்டுப் பேரும் சுவரை மொய்த்துக்கொண்டு மூக்கை ஒப்பிட்டார்கள்.

மருமகள் ஜன்னலைப் பார்த்தாள். பூதக்கண்ணாடி மைதானத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

"நாட்டுச் சின்னத்தையே தப்பா சொல்லிக் குடுத்தேன்னு எழுதுவாரு மாமா. என் வேலை போச்சு."

"மிச்சப் பாதிக் கிழங்கை எடு, திருப்பிச் செதுக்கு. ஆளை நான் வாசல்லயே நிறுத்தி வைக்கிறேன்."

அவர் வந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"பாஸ்போர்ட்?"

"நான் கல்வி அதிகாரி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வர்றாங்க. எத்தனை நாள் தங்கப் போறீங்க? பையில விதை, பழம், உயிரோட கோழி ஏதாவது?"

அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு அசைந்தது. படிவத்தை நீட்டினேன். நிரப்பிக் கொடுத்தார்.

"கறுப்பு மை செல்லாது. நீலம்."

"எனக்கும் காலையில அதேதான் சொன்னாரு சார்," என்றது வகுப்புக்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் குரல்.

இரண்டாவது படிவத்தில் தேதி சரியில்லை என்றேன். மூன்றாவதை நீட்டியபோது அவர் காது சிவந்து, அதில் தோசைக்கல்லையே காயவைக்கலாம் போலிருந்தது.

"பெரியவரே, விளையாட்டுக்கு ஒரு அளவு உண்டு."

குறிப்பேட்டைத் திறந்து பேனாவை வைத்தார். ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. எனக்குப் பின்னால் கத்தியின் சத்தம் நின்றது. மருமகள் பாதி செதுக்கிய கிழங்கோடு வந்து, ஒரு பாஸ்போர்ட்டை அவர் முன்னால் விரித்துவைத்தாள்.

"போதும், விடுங்க மாமா. சார், முத்திரைல பறவை தப்பான பக்கம் பாக்குது. எல்லாருக்கும் குத்தின பிறகுதான் தெரிஞ்சுது. என் வகுப்பு, என் பொறுப்பு."

பாவி மகள்! அவர் முத்திரையைப் பார்த்தார். உள்ளே போய், சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

"ஆளுக்கொரு தாள் எடுங்க. பறவையை வரைங்க."

ஐந்து நிமிஷம். அதற்குள் எனக்கு மிச்சமிருந்த நாலு முடியும் நரைத்துவிட்டது. மருமகள் கையிலிருந்த சாக்பீஸ் மாவாகிவிட்டது.

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்று வாத்து, ஒன்று கழுகு, ஒன்று சத்தியமாக டீக்கடைக் கெட்டில். ஆனால் முப்பத்தெட்டு மூக்கும் வலப்பக்கம்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல சார்," என்றாள் குண்டூசி. "தாத்தா தப்பா குத்தினாரு. நாங்க பிடிச்சுட்டோம்."

"போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கே தெரியல," என்று முணுமுணுத்தபடி எழுதினார். தாளைக் கிழித்து மருமகளிடம் நீட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

முதல் வரி: நிரந்தரம் செய்யலாம். இரண்டாவது வரி: வாசலில் அமர்ந்திருக்கும் முதியவரை இனி வகுப்பறைக்குள் அனுமதிக்கக் கூடாது.

மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். "மாமா, ரெண்டாவது வரியை வீட்ல எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டப் போறேன்."

"படிம்மா, தாராளமா படி. முதல் வரியை மட்டும் ரெண்டு தடவை படி."