பேத்தை மீனுக்குத் தனிக்குடித்தனம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் தனிக்குடித்தனம் போனது ஒரு மீன். பேத்தை மீன். மிரண்டால் வயிற்றை உப்பிக்கொண்டு உருண்டையாகிவிடுமே, அதேதான். ஆனால் இது விரல் நுனிக்கு மேல் வளராத குட்டி வகை. என் கணவர் ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக வாங்கி வந்தார். முன்னறையில் டிவி இருந்த இடத்தில் தொட்டி ஏறியது, டிவி கட்டிலுக்கு அடியில் போனது. ஐயா குஞ்சு பொரிக்க வைக்கப் போகிறாராம்.

வந்த வாரமே ஆண், பெண்ணின் வாலைக் கடித்துவிட்டது. உடனே அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு. சாயங்காலத்துக்குள் இன்னொரு தொட்டி, தனி ஹீட்டர், தனி ஃபில்டர்.

“ஒத்து வரலன்னா பிரிச்சு வச்சுடணும். அனுசரிச்சுப் போகும்னு விட்டா ஒண்ணு செத்துடும்” என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று, தனி வீடு. ஒரு அறையும் சமையலறையும் போதும் என்றேன். அடுத்த தெருவிலேயே இருக்கட்டும் என்றேன். ஒவ்வொரு தடவையும் கிடைத்த பதில், “கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்.” கடிபட்டதைக் காட்ட எனக்கு வால் இல்லாமல் போனது என் குற்றம்.

என் மாமியார் சண்டைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போட்டால் கும்பிடு போட்டிருப்பேன். வீடு அவருடையது, அடுப்பும் அவருடையது. நான் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மோந்து பார்ப்பார். ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி கழுவுவார். நாலு வார்த்தை சொன்னால் நானும் பதிலுக்கு நாலு சொல்லலாம். வாயே திறக்காதவரிடம் எதை வைத்துச் சண்டை போடுவது? நானும் சும்மா இல்லை. அவர் மடித்து வைத்த துணியை அவர் கண் முன்னாலேயே உதறி மறுபடி மடிப்பேன். அது வேறு விஷயம்.

இதற்கிடையில் மீன்களுக்கு ராஜ உபசாரம். பேத்தைக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், நத்தை ஓட்டைக் கடித்துத்தான் தேய வேண்டுமாம். அதனால் நத்தை வளர்க்க என் சர்க்கரை ஜாடி பறிபோனது. வால் ஆறியதும் என் கணவர் இரண்டையும் சேர்த்துவைத்தார். கடித்தவரும் கடிபட்டவரும் சமாதானமாகிப் பாசிக்குள் ரவை ரவையாக முட்டை வைத்தார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளைத்தாய்ச்சிக்குக்கூட அத்தனை பூரிப்பு வராது. முட்டைக்கு மூன்றாவது தொட்டி வந்தது.

குஞ்சு பொரித்ததும் அலுவலகத்து மேனேஜரை வீட்டுக்கு அழைத்துவந்து காட்டினார். நான் டீ கொண்டுபோனபோது பிரசங்கம் உச்சத்தில் இருந்தது.

“முட்டை வச்சதும் தாய்கிட்டேருந்து பிரிச்சுடணும் சார். இல்லன்னா அதுவே தின்னுடும். தாய் பக்கத்துலயே வச்சிருந்தா எதுவும் உருப்படாது.”

பக்கத்து நாற்காலியில் மாமியார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பெற்ற பிள்ளை வாயாலேயே வந்ததே என்று தட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜரை வழியனுப்பிவிட்டு வந்த மகனை மாமியார் கூப்பிட்டார்.

“முட்டைய எல்லாம் பிரிச்சுட்ட. உன்ன எப்படா பிரிக்கிறது?”

அவர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை.

“விளையாட்டுக்குச் சொல்லல. ஒரு வீடு பாத்துக்கிட்டுப் போங்க. மீன், நத்தை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க.”

“என்னம்மா திடீர்னு?”

“திடீர்னா? நீ மனசு கஷ்டப்படுவியேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்.” என்னைக் கைகாட்டினார். “இவளோட எத்தனை வருஷமா அனுசரிச்சுப் போறேன் தெரியுமா? இனிமே என்னால முடியாதுப்பா.”

அது என் வசனம். குளிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் எத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம்! அதை எனக்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார், அதுவும் என்னையே கைகாட்டி.

கணவர் என் பக்கம் திரும்பி, “கேட்டது கிடைச்சாச்சு. இப்ப சந்தோஷமா?” என்றார்.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நானோ காலி டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கினேன். இந்த வீட்டில் பொறுத்துப் போகிறவள் நான் ஒருத்திதான் என்று அல்லவா இத்தனை நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்? அவமானத்தில் காது சுட்டது.

“நான் என்ன அத்தை பண்ணேன்?” என்றேன்.

மாமியார் யோசிக்கவே இல்லை.

“எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?” என்று கேட்டுவிட்டு, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.